நானே ஓட்டிப் பார்த்த வண்டி

"வித்த வண்டிக்கும் எனக்கும் இனிமே சம்பந்தமில்லம்மா. கெளம்பு, யாவாரத்தைக் கெடுக்காத!" என்று கையை ஆட்டினார் தனபால்.

ரூபி நகரவில்லை. மலை அடிவாரத்தில் இருக்கும் அவருடைய பழைய கார் கடைக்கு இந்த வாரத்தில் அவள் வருவது நாலாவது தடவை. மூன்று தடவை பஸ்ஸில் வந்து வெறுங்கையோடு திரும்பியவள், இன்றைக்கு அவர் விற்ற வேனையே ஓட்டி வந்து கடை வாசலை அடைத்து நிறுத்தியிருந்தாள்.

"ஏனுங்க, ஒரு மாசத்துக்குள்ள எது போனாலும் செலவு எங்களுதுன்னு உங்க கையால எழுதிக் குடுத்தீங்களா இல்லீங்களா? இருவத்திரெண்டாம் நாளே பிரேக் போயிடுச்சுங்க. மலைமேல கொட்டச்சேட்டுல இருந்து பதினோரு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு, விளையாட்டுப் போட்டிக்கு சேலம் எறங்கறேன். பதினேழாவது வளைவுல கால வச்சா, பெடல் பொதுக்குனு உள்ள போகுது. மண்மேட்டுல மோதி நிறுத்தினேன்."

"ஓட்டத் தெரியாம ஓட்டினா அப்படித்தான். பிரேக் போன வண்டியில இன்னைக்கு எப்படி எறங்கி வந்தியாம்?"

"பஸ்ட் கியர்லயே வந்தேனுங்க."

"கதை விடாத!"

"கதையில்லீங்க. அந்தச் செலவை இன்னைக்கு நீங்க குடுத்தே ஆகோணும். நாளைக்குத் தவணை கட்டலைன்னா பைனான்ஸ்காரங்க வண்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் பழையபடி எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போக வேண்டியதுதான். போக மாட்டேனுங்க. வாங்காம இங்கிருந்து நகரவும் மாட்டேன்."

மூலையில் ஒரு ஜீப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாழவந்தி ஊர்க்காரர் வேடியப்பன் தலையை நிமிர்த்தினார். வாங்க வந்த ஆள் காதில் இதெல்லாம் விழலாமா? தனபால் குரலை உயர்த்தினார்.

"இந்தாம்மா, இது நானே இருபது வளைவும் ஏத்தி எறக்கி ஓட்டிப் பாத்த வண்டி. பூ மாதிரி எறங்கும்!"

கடையில் நிற்கும் அத்தனை வண்டிக்கும் அவர் சொல்லும் வசனம் அது. உண்மையில் மனிதர் மலையேறியே எட்டு வருஷம் ஆகிறது. அதுவும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் உட்காராமல்.

"அப்புறம் என்னங்க? ஏறுங்க, ஒருக்கா மேல போயிட்டு வந்துரலாம். பூ மாதிரி எறங்கினா நான் வாயத் தொறக்கல."

"எனக்கு வேலை இருக்கு."

"அட, போயிட்டு வரலாமுங்க. நானும் வர்றேன்" என்றார் வேடியப்பன். "உங்க வண்டி எப்படின்னு நானும் தெரிஞ்சுக்கோணும்ல?"

வசமாக மாட்டிக்கொண்டார் தனபால். வேறு வழியில்லாமல் ரூபிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பழைய வண்டியின் அருமை பெருமைகளை வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இருபதாவது வளைவைத் தாண்டி ரூபி வண்டியைத் திருப்பினாள். முதல் கியரைப் போட்டாள். இரண்டு கால்களையும் பெடல்களில் இருந்து எடுத்துவிட்டாள்.

இன்ஜின் ஊளையிட்டது. தனபாலின் பேச்சு நின்றது.

"என்னம்மா சத்தம் இது? பிரேக்குல கால வைம்மா!"

"எறக்கத்துல அதை நம்பி ஓட்டினா மலையில பொழைக்க முடியுங்களா?" என்றாள் ரூபி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்தொன்பது போனது. பதினெட்டு போனது. தனபால் முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். வேடியப்பன் கண்ணை மூடியிருந்தார். சாமி கும்பிடுகிறார் போல என்று நினைத்தால், மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இதா வருது பாருங்க, பதினேழு. இங்கதானுங்க அன்னைக்குக் கால் உள்ள போச்சு. பின்னால புள்ளைங்க எல்லாம் பாட்டுப் பாடிட்டு இருந்துச்சுங்க."

வளைவுக்குள்ளிருந்து ஹாரன் அடித்தபடி ஒரு பஸ் ஏறி வந்தது. ரூபி வேனை இடது ஓரமாக ஒதுக்கினாள். தனபாலின் பக்கத்தில் ஒரு முழம் தரையும், அதற்கப்புறம் பள்ளத்தில் சேலமும் தெரிந்தன.

"ஐயோ, நிறுத்தும்மா! எவ்வளவு செலவுன்னாலும் குடுக்கறேன்!"

"ஒம்பதாயிரத்து நானூறுங்க."

"குடுக்கறேன்!"

"கடைக்குப் போனா மறந்துருவீங்க. போன்லயே அனுப்பிருங்க."

கைப்பேசியை எடுத்து மூன்று தடவை தப்பாக அழுத்தி, நாலாவது தடவை அனுப்பினார் தனபால். ரூபியின் கைப்பேசி 'டிங்' என்றது. அவள் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். பதினாறாவது வளைவுக்குக் கீழே அகலமான இடம் பார்த்து வலது காலை நீட்டி மெல்ல அழுத்தினாள். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நின்றது.

தனபால் அவளுடைய காலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"பிரேக்தான் இல்லையே... எப்படிம்மா நின்னுச்சு?"

"இப்ப இல்லைன்னு நான் எங்கீங்க சொன்னேன்? புள்ளைங்க ஏறுற வண்டியாச்சே, தவணைக்கு வச்சிருந்த காசைப் போட்டு அன்னைக்கே புது பிரேக் மாத்திட்டேன். அந்தச் செலவைத்தானுங்க நாலு நாளா உங்ககிட்டக் கேட்டுட்டு இருக்கேன்."