அதே கோடு

ஓடிவிட்டு வந்த வியர்வை காய்வதற்குள் அக்கா எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நிற்கிறாள். முள் நடுங்கிவிட்டு, இந்த மாதம் முழுக்க நின்ற அதே கோட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இறங்கி, தோட்டைக் கழற்றிச் சோப்புப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஏறுகிறாள். அதே கோடு. தரைமேல்தான் தப்பு என்பதுபோல மெஷினைக் காலால் தள்ளி வேறொரு டைல்ஸில் வைத்துப் பார்க்கிறாள். குளியலறை ஜன்னலின் மங்கிய வெளிச்சத்தில் முள்ளின் நிழல்கூட அசையவில்லை. இன்னும் மூன்று கிலோ குறைந்தால்தான் அவளுடைய ஒரு கிட்னியை எடுத்துத் தம்பிக்கு வைக்க முடியும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "போதும்கா, அது அழுதுடப்போகுது. இறங்கு, என் முறை," என்கிறான் தம்பி, கதவு நிலையைப் பிடித்தபடி. உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று அவனும் தினமும் இதே மெஷினில்தான் பார்க்க வேண்டும். அவன் ஏறியதும் முள் துள்ளிக்கொண்டு நேற்றைய கோட்டைத் தாண்டி ஓடுகிறது. "நீ குறையலன்னு யாரு சொன்னா? எல்லாம் என்கிட்டதானே வந்து சேர்ந்திருக்கு!" என்று சிரிக்கிறான். அவள் அவன் கணுக்காலையே பார்க்கிறாள். நேற்றிரவு கழற்றிய சாக்ஸின் தடம் வீங்கிய தோலில் இன்னும் பள்ளமாகக் கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது. தோட்டைக்கூட எடுக்காமல், ஈரம் காயாத ஷூவுக்குள் மறுபடியும் காலை நுழைக்கிறாள். "இப்பதானே வந்த? எங்க கிளம்பிட்ட?" என்கிறான், இன்னும் மெஷினைவிட்டு இறங்காத தம்பி. "நீ கதவைச் சாத்திக்கோ."