வெளியாள் எடுத்துக் கொடுத்த ஷூ

"ரெண்டாவதா ஓடி வந்தேண்ணா. ஒரு ஷூவுக்காக என்னைத் தூக்கிட்டாங்க," என்று பொருமினாள் சின்னவள்.

காலையில் நடந்த குட்டி டிரையத்லானில் நீச்சலும் சைக்கிளும் முடிந்து, ஓட்டத்துக்கு ஷூ மாட்டும்போது ஒன்று தடுப்புக்கு வெளியே உருண்டுவிட்டது. வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர் அதை எடுத்துக் கொடுத்தார். வெளியாள் உதவி என்று நடுவர் அவளை நீக்கிவிட்டார்.

"நான் கேக்கவே இல்ல. அவராத்தான் நீட்டினாரு. ஒரு வருஷமா பட்ட பாடெல்லாம் ஆத்துல கரைச்ச புளியா?"

"நடுவர் முடிவ எதிர்த்து ஆறு மணிக்குள்ள மனு குடுத்தா மாவட்ட டீம்ல சேர இன்னும் வழி இருக்குல்ல?" என்றான் அண்ணன்.

"பெத்தவங்க கையெழுத்து வேணும். அப்பாவும் ஊர்ல இல்ல."

"அம்மாகிட்ட நீயே கேளு, தாயே. நான் அந்தப் பக்கமே வரல."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் எழுதி வைத்திருந்த மனுவைக் கையில் எடுத்தாள். உள்ளே வந்த அம்மா முகம்கூடக் கழுவாமல் மனுவை வாங்கி உரக்கப் படித்தாள்.

"'நடுவருக்குக் கண்ணும் இல்லை, மனசும் இல்லை.' நீ எழுதினதா?"

"ஆமா. திட்டினாலும் மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லல. பேனா குடு."

பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

"நடுவர் பேரு ஏன் காலியா இருக்கு? அது இல்லன்னா மனுவ வாங்க மாட்டாங்க."

"அத நீயே எழுதிக்கோம்மா," என்றாள் சின்னவள்.

"சரி, கெளம்பு. நானே கொண்டுபோய் விடறேன்," என்ற அம்மா, நடுவர் பெயருக்கான கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள்.