செருப்பு நேரம்

மனநல ஆலோசகர் பொற்கொடி கோவை கிளினிக்கை மூடிவிட்டு முழுக்க வீட்டுச் சுவர்த்திரை வழி ஆலோசனைக்கு மாறியதும் ஒரு சிக்கல் வந்தது. முன்பெல்லாம் ஆட்கள் ஐம்பது நிமிடம் வெயிலையும் டிராஃபிக்கையும் பேசிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையைச் சொல்வார்கள். இப்போது வாசலே இல்லை. பழைய பதிவுகளை அலசிய ஆலோசனைச் செயலி, கடைசி இரண்டு நிமிடத்தைச் செருப்பு நேரமாக அறிவித்தது; அப்போது ஆட்கள் வீட்டிலேயே செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரமாகத் தூக்கம் வரவில்லை என்று மட்டுமே சொல்லிவந்த சபாபதி, வீட்டு ஹாலில் நின்று ஒரு செருப்பை மாட்டினார். ஒன்றும் வரவில்லை.

"இன்னொண்ணையும் மாட்டுங்க சார்," என்றார் பொற்கொடி.

மாட்டினார். "வேலை போயி ஏழு மாசமாச்சுங்க மேடம். தினமும் கெளம்பிப் போயி பார்க்குல உக்காந்துட்டு வர்றேன். வீட்ல தெரியாதுங்க."

சமையலறையிலிருந்து மனைவி மிருதுளா எட்டிப் பார்த்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. செருப்புதான் கண்ணில் பட்டது.

"ஞாயித்துக்கெழம அதுவுமா, நடுவீட்ல செருப்போட எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

சபாபதி திரையைப் பார்த்தார். இன்னும் நாற்பது நொடி இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"நான் எங்கயும் போறதில்ல மிருது. வா, வந்து உக்காரு."