சோதனைக் குழாயில் வெள்ளி

பேராசிரியர் அற்புதசாமி சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளி படிந்திருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி அதில் கோணலாகத் தெரிந்தது.

பொன்மலையில் ரயில் பேட்டரிகளுக்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுகிற ஒருவன், ஸ்ரீரங்கத்து ஒண்டுக்குடித்தனத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், கரியமில வாயுவை அமிலமாக்கிவிட்டான். அந்த மேதை நான்தான்.

செய்முறை எளிது. கோலி சோடாவை உடைத்து ஜாடியில் ஊற்ற வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து மின்சாரம் விட வேண்டும். உலோகத் தகடு சரியாக அமைந்தால் சோடாவில் இருக்கும் வாயு ஃபார்மிக் அமிலமாக மாறும். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதுதான்.

ரப்பர் தோட்டத்திலும் சாயப்பட்டறையிலும் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். பொன்மலை எஞ்சின்கள் கக்கும் புகையையெல்லாம் பீப்பாயில் அடைத்து விற்றுவிடலாம் என்று நம்பினேன்.

தகடுதான் அமையவில்லை. ஓட்டைக் காலணா, பேட்டரிக் காரீயம், டார்ச் செல்லின் துத்தநாகம், எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஜாடியில் குமிழி வந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது.

ஒருநாள் என் மனைவி சந்திரம்மாள், லால்குடியிலிருந்து சீராகக் கொண்டுவந்த ஈயச் சொம்பைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டாள். ரசம் வைக்கிற சொம்பு, உருகிச் சாம்பலில் ஓடியது. அவள் அழுதாள். அது காரீயம் இல்லை, வெள்ளீயம்; நான் வழித்தெடுத்துத் தட்டித் தகடாக்கினேன். நல்ல கணவன் முதலில் ஆறுதல் சொல்லியிருப்பான்.

அந்தத் தகட்டிலும் எட்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது வாரம் குழாயில் வெள்ளி படிந்தது. ஜாடித் தண்ணீரில் ஃபார்மிக் அமிலம் இருந்தால், வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுச் சூடாக்கும்போது அப்படிப் படியும். அற்புதசாமிக்குக் கார்டு போட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும், அவர் கண்ணெதிரே மறுபடி செய்து காட்டினேன்.

அவரிடம்தான் பி.எஸ்ஸி. படித்தேன். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டேன். கேட்டவர்களிடம் வறுமை என்றேன். உண்மையில் காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பட்டம் இல்லாதவனுக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் ஒன்றே வழி. அது இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை பேட்டரிகளோடு விழித்திருக்கலாம்.

அவர் பேனாவைத் திறந்தார். என் பெயர்வரை எழுதிவிட்டார்.

சந்திரம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். தகட்டைப் புதுசு போல வைத்திருக்கிறீர்களே என்று அவர் அவளைப் பாராட்டினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"போன தடவை நானாத்தான் புளித்தண்ணியில ஊறவச்சேன் சார். இந்தத் தடவை இவங்களே, ஜாடிக்கும் சேர்த்துப் புளி போடுன்னு சொல்லிட்டாங்க."

பேனா நின்றது.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். ஃபார்மிக் அமிலம் ஒரு துளிகூட இல்லாவிட்டாலும் அது அதே வெள்ளியைப் படிய வைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு மணி நேரம் எங்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

சந்திரம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். குரலில் கோபம் இல்லை.

"டார்டாரிக் பாடம் எடுத்தன்னிக்கு நீ கிளாஸுக்கு வரலை, இல்லப்பா?"

ஆமாம் என்றால் போதும். தெரியாமல் ஏமாந்தவனுக்குக் காரைக்குடியில் இடம் உண்டு, தெரிந்து ஏமாற்றியவனுக்குத்தான் இல்லை. நம்பவும் செய்வார். என் வருகைப் பதிவு அந்த லட்சணத்தில் இருந்தது.

வந்திருந்தேன் என்றேன். முதல் பெஞ்சில்.