அசையாமல் நின்ற நட்சத்திரம்

குருணை ஒரு குட்டி நட்சத்திரம். பூமியிலிருந்து பார்த்தால் அதுவும், பக்கத்தில் தெரியும் கொப்பரை என்ற ராட்சத நட்சத்திரமும் ஒரே மாதிரி மின்னும். எல்லோரும் இரட்டையர் என்றார்கள். குருணைக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் மலைமேல் இருந்த தொலைநோக்கி சொன்னது: "இன்று உங்களைப் படம் எடுத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுப்பேன். யார் இடம் மாறித் தெரிகிறாரோ, அவர்தான் கிட்டே இருப்பவர்."

குருணை கணக்குப் போட்டுப் பார்த்தது. இரண்டும் ஒரே மாதிரி மின்னும்போது, கிட்டே இருப்பது தெரிந்தால் சின்னது என்பதும் தெரிந்துவிடுமே! ஆறு மாதமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது.

தொலைநோக்கி மறுபடி பார்த்தது. "நீ இடம் மாறியிருக்கிறாய்."

"ஐயோ, நான் இம்மிகூட அசையவில்லை!"

"தெரியும். பூமி என்னைச் சூரியனுக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது. நான் பார்க்கும் இடம்தான் மாறியது. நீ சின்னவன்தான், கிட்டேதான் இருக்கிறாய்."

குருணை கூனிக் குறுகிப்போனது. "அப்படியானால் கொப்பரை அண்ணன்?"

"அவர் வெகு தொலைவு. எப்போதோ கிளம்பிய வெளிச்சம்தான் இப்போது வந்து சேர்கிறது. இன்று அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது."

குருணை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் அதே வெளிச்சம். இத்தனை காலமும் அண்ணன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே?" என்று மெதுவாகக் கூப்பிட்டது.