முட்டைப் படம்

பைக் சத்தம் கேட்டதும் சாதனா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

வாய்க்குள் பாதி முட்டை.

அங்கன்வாடியின் மற்ற குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் பைக்.

கரண்டியோடு டீச்சர் வாசலுக்கு வந்தாள். சாதனாவின் அப்பா. தேய்த்த சட்டை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

"பாப்பாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க டீச்சர்."

காலையில் சாதனாவின் அம்மா வந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. "நேத்து இவ மேலயும் கை வெச்சுட்டாருங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் வந்துர்றேன். திண்டுக்கல்ல அண்ணன் வீட்டுக்குப் போயிர்றோம். அதுவரைக்கும் பையும் புள்ளையும் உங்ககிட்ட இருக்கட்டும்."

அந்த வயலட் பையைச் சத்துமாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தது டீச்சர்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஆயாவிடம்கூட.

இப்போது மணி பன்னிரண்டரை.

"சாப்பிட்டு முடிக்கட்டுமே" என்றாள். பதிவேட்டில், குழந்தையை அழைத்துச் செல்ல உரியவர் என்ற இடத்தில், அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அவள் கையெழுத்தில்.

"முடிக்கட்டும். நான் நிக்கறேன்."

சாதனா அவளைப் பார்த்தாள்.

பிறகு மிச்ச முட்டையை ஒரே வாயில் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவர் குழந்தையின் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார்.

"அந்தப் பையையும் எடுத்துக் குடுத்துருங்க டீச்சர்."

மூட்டைகளின் பக்கம் அவர் பார்வை நேராகப் போனது. தேடவில்லை.

குழந்தையையும் பையையும் ஏற்றிக்கொண்டு பைக் போனது. தட்டில் சாதனாவின் விரல் ஓடிய தடம்.

எப்படித் தெரிந்தது?

போனை எடுத்தாள்.

தினமும் முட்டை கொடுத்ததும் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நான்கு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. இன்றும் போட்டிருந்தாள். பதினான்கு குழந்தைகள், பதினான்கு தட்டு. கீழே நான்கைந்து நன்றி டீச்சர், இரண்டு கைதட்டல்.

படத்தைப் பெரிதாக்கினாள்.

இடது ஓரத்தில் மூட்டைகள். மூட்டைகளுக்கு மேலே வயலட் நிறத்தில் ஒரு கைப்பிடி.

அவ்வளவுதான்.

படத்தை நீக்கினாள். எல்லோருக்கும் நீக்கு என்பதை அழுத்தினாள்.

சாதனாவின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா வேலை பார்க்கும் பஞ்சு மில்லில் போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

சுவரில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குப் போட்டாள். பொறுமையான ஒரு குரல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கடைசியாக, குழந்தையைக் கூட்டிப்போனவர் யார் என்று கேட்டது.

"அப்பா."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் கேட்டது. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். சாயங்காலத்துக்குள்.

குழந்தைகளைப் படுக்க வைத்தாள். பதினான்கு பாய் விரித்த பிறகுதான் கவனித்தாள். ஒன்றைச் சுருட்டப் போனாள். அப்படியே விட்டுவிட்டாள்.

இரண்டு மணி.

தெருமுனையிலிருந்து அம்மா ஏறக்குறைய ஓடிவந்தாள். தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். வாசலில் நின்றவள் செருப்பைக் கழற்றவில்லை. வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தூங்கிட்டாளுங்களா டீச்சர்? எழுப்ப வேண்டாம். அப்படியே தோள்ல போட்டுக்கறேன்."