ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு

"ஏன் அருள்செல்வி, உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

கீதா தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு அரக்கப்பரக்க ஆபீசுக்குள் நுழைகிறாள், கோயமுத்தூர் ஹெட் ஆபீசிலிருந்து ஃபோன். நேற்று வந்த மெயிலிலும் ஃபைல் இல்லையாம்.

கருமத்தம்பட்டி மில்லில் ஆபீஸ் பொறுப்பு கீதாவுடையது. தினமும் மில் ஆட்களில் யார் யார் லேட்டாக வந்தார்கள் என்று ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்புவது அருள்செல்வியின் வேலை. ஒரு வரி எழுதி, கூடவே ஃபைலைச் சேர்க்க வேண்டும். அதற்கே இந்தப் பாடு.

"'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு'ன்னு எழுதறயே, என்ன அர்த்தம்?"

"இதோட ஃபைல் வெச்சிருக்கறேன், பாருங்கன்னு அர்த்தமுங்க மேடம்."

"வெச்சயா?"

"மறந்துபோட்டனுங்க."

"அர்த்தம் தெரியுது, எழுதவும் தெரியுது. ஒண்ணுமே வெக்காம பாருங்கன்னா அவங்க எதைப் பாக்கறது? என் தலையெழுத்தையா?"

அருள்செல்வி கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வாரமும் இதே கூத்து. இந்த மாசந்தான் மேனேஜர் போஸ்ட்டுக்கு ஆள் பாக்கறாங்க. ஒரு மெயில் ஒழுங்கா அனுப்ப வெக்கத் தெரியாத எனக்கு யாரு குடுப்பா?"

"தப்புத்தானுங்க மேடம்."

எதிர்த்துப் பேசினாலாவது திட்டித் தீர்க்கலாம். இந்தப் பணிவுதான் கீதாவுக்கு எரிச்சலை ஏற்றியது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு ஃபைல் வரலீன்னா ஹெட் ஆபீசுல அந்த நாளைக் கணக்குல எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு வெச்சுட்டு, லேட்டா வர்ற யாரையோ காப்பாத்தறயா?"

அருள்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதானே பாத்தேன். சோம்பேறிகளுக்குப் பரிஞ்சுட்டு எம் பேரைக் கெடுக்கறே. இன்னைக்கு ஃபைல் எங்க?"

"மேடம், இன்னைக்கு ஒரு நாளைக்கு விட்டுருங்க. நாளைலருந்து கரெக்டா..."

"நகரு அந்தப் பக்கம்."

கீதாவே உட்கார்ந்தாள். வரியை டைப் செய்தாள். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் சேர்த்து அனுப்பினாள். கிடைத்தது, நன்றி என்று உடனே பதிலும் வந்துவிட்டது.

"பாத்தயா? இவ்வளவுதான் வேலை. இப்பச் சொல்லு, யாருக்காக மறந்தே? அந்த ஆளை இன்னைக்கே உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

அருள்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மாசத்துலருந்து ஆபீஸ்காரங்க பேரும் அதுல வருதுங்க மேடம். லேட்டா வர்றவங்களுக்கு மேனேஜர் போஸ்ட்டு கெடையாதுன்னும் ஹெட் ஆபீசுல சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்ல வாய் வரலீங்க."

கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க லேட்டா வந்த நாள்ல மட்டுந்தானுங்க நான் மறந்தேன்."